பிறந்த இடம்: தப்ரபேன் லாஞ்சு

என் செல்ல மகனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நாளில் உனக்கு மீசை இருக்கும். கலியாணத்துக்குப் பெயர் பதியவோ, வேலைக்கு எழுதிப் போடவோ, கப்பலேறவோ பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்று யாரோ கேட்டிருப்பார்கள். நீ அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் பிஸ்கற் பேணியைத் திறந்து பத்திரத்தை எடுத்திருப்பாய். அதற்குள் மடித்து வைத்த இந்தத் தாள்களும் கூட வந்திருக்கும். பத்திரத்தில் பிறந்த இடம் என்று இருக்கும் கட்டத்தை வாசித்துவிட்டு, "இது என்ன ஊர்?" என்று நீயே என்னைக் கேட்க நினைத்திருப்பாய். உன் வாழ்க்கை முழுக்க, மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் எல்லோரும் உன்னிடம் கேட்கப்போகும் கேள்வி அது. பதில் உன்னிடம் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது உனக்கு நாற்பத்தொரு நாள். சேலைத் தொட்டிலில், ஒரு காலை வெளியே விட்டுக்கொண்டு நித்திரையாய் இருக்கிறாய். எனக்குப் பத்தொன்பது வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். நீ வளர்ந்த பிறகும் உன் முகத்தைப் பார்த்து இவ்வளவு நீளமாய் நான் கதைப்பேனா என்று தெரியாது. அதனால் வளர்ந்த ஆளாய் உன்னை நினைத்துக்கொண்டு இப்போதே கதைக்கிறேன். தாள் என்னைத் திரும்பிப் பார்க்காது அல்லவா.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது அம்மா சுகமில்லாமல் விழுந்தபோது. ஐயா உப்புவெளியில் தூண்டில்காரர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. அதனால் சின்ன வயதில் என்னைத்தான் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவார். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வெளிக்கடலில் இறங்க ஏலாது. அப்போது கொட்டியாரக் குடாவுக்குள் போய்த் தூண்டில் போடுவோம். நான் பெரியபிள்ளை ஆனதோடு அது நின்றது. பிறகு ஊரில் இருந்த ஒரு விருந்தினர் விடுதியில், அறை கூட்டவும் துணி மடிக்கவும் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பதின்மூன்று வயது எனக்கு.

அந்த விடுதியின் பெயர்தான் தப்ரபேன். வாசலில் பலகையில் எழுதியிருந்தது. உள்ளே விறாந்தையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு பெரிய பழைய வரைபடத்தின் பிரதி. நடுவில் ஒரு தீவு. ஒரு மூலையில் யானை, இன்னொரு மூலையில் பாய்மரக் கப்பல். தீவின் மேல் பெரிய எழுத்தில் தப்ரபானா என்று இருந்தது. அதைத் தினமும் துடைப்பது என் வேலை. நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது எங்கள் கோவிலில் பூசை லத்தீனில்தான் நடக்கும். அந்தச் சொல்லின் ஓசை எனக்கு அந்தப் பூசையை நினைவுபடுத்தியது. அதனால் தப்ரபானா என்றால் ஒரு புனிதையாக்கும் என்று நான் நினைத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் துணியை எடுக்க முதல் சிலுவை போட்டுக்கொள்வேன்.

குசினியில் சமைத்தது கதீஜா ராத்தா; முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். கிண்ணியாவில் இருந்து வந்து தங்கி வேலை செய்தவ. ஒருநாள் என்னைப் பின்னால் நின்று பார்த்துவிட்டா.

"என்ன மகள், யானைப் படத்துக்கா சிலுவை போடுறாய்?"

"இல்லை ராத்தா... இந்த அம்மாவுக்கு."

"எந்த அம்மாவுக்கு?"

நான் எழுத்தைக் காட்டினேன். ராத்தா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த அகப்பை விழுந்தது. "அது பொம்பிளை இல்லடி. அது நாடு. நாமெல்லாம் இருக்கிற நாடு. வெள்ளைக்காரன் வைச்ச பேர். எங்கட ஆக்கள் கப்பலில வந்தவங்க செரந்தீப் என்டாங்க. ஆளுக்கொரு பேர். உன்னைய நான் மகள் என்டுறன், முதலாளி பிள்ளை என்டுறான், நீ ஒருத்திதானே?"

மீதியை நான் கதவுக்குப் பின்னால் நின்று படித்தேன். மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார், வீடு கிடைக்கும்வரை விடுதியில் ஒரு மாதம் தங்கியிருந்தார். மழை பெய்த ஒரு பின்னேரம் முதலாளி அவரிடம், "மாஸ்டர், இந்தப் பேரை நான் வைச்சது ஸ்ரைலுக்கு. உண்மையிலை என்ன அர்த்தம்?" என்று கேட்டார். வாத்தியார் கதைக்கத் தொடங்கினார். நான் தேத்தண்ணீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போக வெட்கப்பட்டு, கதவோரம் நின்றேன். தேத்தண்ணீர் ஆறியது. ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லையும் நான் விடவில்லை.

அவர் சொன்னது இது. இரண்டாயிரம் வருசத்துக்கும் முன்னால், வட இந்தியப் பக்கம் இருந்து வந்த கிரேக்கர்கள் இந்தத் தீவின் பெயரைக் காதால் கேட்டு எழுதினார்கள். பழைய பாளி ஏடுகளில் இது தம்பபண்ணி. வந்து இறங்கியவர்கள் களைத்துப்போய்க் கையை நிலத்தில் ஊன்ற, சிவந்த மண் உள்ளங்கையில் செம்பு நிறமாய் ஒட்டியதாம். அதனால் அந்தப் பெயர் என்று ஏட்டில் ஒரு கதை. திருநெல்வேலிப் பக்கம் ஓடும் தாமிரபரணி ஆற்றுக்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்பார்களாம். இரண்டு கரைக்கும் ஒரே பெயர். எது முந்தியது என்று படித்தவர்களுக்குள்ளேயே சண்டை. கிரேக்கர் வாயில் புகுந்து, லத்தீனில் ஏறி, அது தப்ரபானா ஆகியது. ஆங்கிலக்காரர் அதைத் தப்ரபேன் ஆக்கினார்கள்.

எழுதியவர்களில் அநேகர் இங்கே கால் வைக்காதவர்கள், மகனே. மாலுமிகள் சொன்னதைக் கேட்டு எழுதினவர்கள். அதனால் தீவை இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாய்க் கீறிவிட்டார்கள். இன்னொரு உலகம் இங்கே இருந்துதான் தொடங்குகிறது என்றுகூடச் சிலர் நம்பினார்களாம். இன்னும் பெரிய பகிடி, ஒரு காலத்தில் வரைபடம் கீறியவர்கள் அந்தப் பெயரைத் தூக்கிச் சுமத்திராத் தீவில் வைத்துவிட்டார்கள். கொஞ்சக் காலம் எது தப்ரபானா என்றே தெரியாமல், பெயர் இரண்டு தீவுக்கும் நடுவில் கடலில் அலைந்தது. முதலாளி அதைக் கேட்டு, "அப்ப என்ர விடுதி சுமத்திராவிலை எல்லோ இருக்கு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். உன்னையும் அப்படி இரண்டு கரைக்கும் நடுவில் அலைய விடுவார்கள் என்று எனக்கு அன்று தெரியாது.

முதலாளிக்கு அந்தப் பெயரில் ஆசை கூடிவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்துக்கும் குடாவின் மறுகரையில் இருக்கும் மூதூருக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு பழைய மோட்டார் லாஞ்சு வாங்கினார். அதற்கும் தப்ரபேன் என்றே பெயர் வைக்க முடிவு செய்தார். லாஞ்சை உப்புவெளிக் கரையில் இழுத்துவைத்து, பெயின்ற் அடிக்க மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டியில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டார். மெலிந்த உடம்பு, காதில் ஒரு ஈர்க்குச்சி. அது உன் அப்பா.

வரைபடத்தில் இருப்பதுபோலவே எழுத்து இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னபடியால், நான் படத்தைச் சுவரில் இருந்து கழற்றிக்கொண்டு போய்க் கரையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை. சோக்கட்டியால் பலகையில் எழுத்தை எழுதிக்கொண்டே போனார்.

"பாக்காமலே எழுதுறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். தெரியாத ஆம்பிளையோடு நானாய்க் கதைத்த முதல் வசனம் அதுதான்.

"இந்த எழுத்து எனக்குத் தெரியும் புள்ள. எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கதவு தேயிலைப் பெட்டிப் பலகைதான். பலகையில இதே எழுத்து. படுக்கப் போறப்ப அதைத்தான் பாப்பேன், எழும்புறப்பவும் அதைத்தான் பாப்பேன். ஏதோ தேயிலைக்கு வைச்ச பேருன்னு நினைச்சிருந்தேன்."

உன் அப்பா மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அம்மா கிள்ளிய கொழுந்து, இந்த நாட்டின் பழம்பெயர் அச்சடித்த பெட்டியில் கப்பலேறிப் போனது. அவருடைய பிறப்பை மட்டும் யாரும் எங்கும் எழுதவில்லை. எட்டு வயதில், வயல் வேலைக்கு வந்த சித்தப்பாவோடு கிளிவெட்டிக்கு வந்துவிட்டார். வளர்ந்தபிறகு துறைமுகத்தில் பெயின்ற் வேலைக்குப் போனபோது பிறந்த பத்திரம் கேட்டார்கள். தோட்டத்துக்குப் போய்க் கேட்டார். பேரேட்டில் பெயர் இல்லை என்றார்கள். "நீ எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று முதலில் முகத்தைப் பார்ப்பார். நீ அதைக் கவனித்திருப்பாய்.

இனி, நான் செய்த பிழையை எழுத வேண்டும். அன்று அவர் முகத்தைப் பார்க்கிற ஆசையில் படத்தை வள்ளம் ஒன்றில் சாய்த்து வைத்தேன். அது சரிந்து கல்லில் அடிபட்டு, கண்ணாடி குறுக்கே வெடித்தது. ஒருவரும் காணவில்லை. அவரும் மறுபக்கம் திரும்பி நின்றார். நான் படத்தைக் கொண்டுபோய்ப் பழையபடி சுவரில் கொழுவிவிட்டேன். பின்னேரம் முதலாளி கண்டார். நான் கரையில் நின்றபடியால் அன்று விறாந்தையைக் கூட்டித் துடைத்தது ராத்தா. "நான் இல்லை முதலாளி" என்று ராத்தா சொன்னா. "அப்ப படம் தானா வெடிச்சதோ?" என்றார் அவர். நான் குசினி வாசலில், கையில் கோப்பைகளோடு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் ராத்தா தன் உடுப்புப் பையோடு பஸ் ஏறிப் போனா. போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனா. அந்தக் கை பட்ட இடம் எனக்குக் கனகாலம் சுட்டது.

அடுத்த வருசம் எனக்கும் உன் அப்பாவுக்கும் கலியாணம். நான் கிளிவெட்டிக்கு வந்தேன். அந்த வருசமே நீ வயிற்றில்.

நீ பிறப்பாய் என்று சொன்ன நாளுக்கு இரண்டு கிழமைக்கு முந்தியே, ஒரு விடிய வெள்ளன, எனக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி ஊரில் இல்லை. மாட்டுவண்டியில் மூதூர்த் துறைக்குக் கொண்டுவந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போக லாஞ்சில் ஏற்றினார்கள். முன் பலகையில் உன் அப்பா எழுதிய எழுத்து. தயிர்ச் சட்டிகளும் கோழிக் கூடைகளும், சந்தைக்குப் போகும் ஆம்பிளைகளுமாய் லாஞ்சு நிறைந்திருந்தது. பெண் என்று இருந்தது நானும் இன்னொருத்தியும். அந்த இன்னொருத்தி முக்காட்டை விலக்கிப் பார்த்தா. கதீஜா ராத்தா.

"அல்லாவே, நீயா மகள்? இந்தக் கோலத்திலயா?"

குடாவின் நடுவில் தாங்க ஏலாமல் போனது. ராத்தா எழும்பி நின்று சத்தம் போட்டா: "ஆம்பிளையள் எல்லாம் முன்னுக்குப் போங்க! ஒருத்தனும் திரும்பப்படாது! திரும்பினா கண்ணில மிளகாய்த் தூள் போடுவன்!" ஒரு தயிர்க்காரர், "தூள் வைச்சிருக்கிறியா ராத்தா?" என்று கேட்க, "உனக்கென்டு தனியா வைச்சிருக்கன்" என்றா. உன் அப்பாவும் சேர எல்லோரும் முன்னுக்கு நெருங்கினார்கள். பின்பக்கத்தில் ஒரு தார்ப்பாய்ப் படங்கையும் என் சேலை ஒன்றையும் கட்டி மறைத்தார்கள். மறைப்புக்கு அந்தப் பக்கம் ஆம்பிளைகளின் இருமல், செருமல் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. கண்ணை மூடினால் நோவு கூடியது. ராத்தாவின் முகத்தைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. அது உனக்குத் தெரியும் ஏன் என்று. அதனால் லாஞ்சின் பின்வாசலால் கடலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீ வந்தாய். கத்தினாய். ராத்தா உன்னைத் தன் முக்காட்டில் சுற்றினா.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் பார்த்துச் சுகம் என்றார்கள். ஆனால் பிள்ளை அங்கே பிறக்காதபடியால் பிறப்புக் கடதாசி தாங்கள் தர ஏலாது, பதிவாளரிடம் போங்கள் என்றார்கள். உன் அப்பா திருகோணமலைப் பதிவாளரிடம் போனார். அவர் கேட்டார்: "லாஞ்சு எங்கை இருந்து வெளிக்கிட்டது? அக்கரையிலை இருந்தோ? அப்ப அங்கை போய்ப் பதி." மூதூர்ப் பதிவாளரிடம் போனார். "குடாவைத் தாண்டித் துறைமுக வாயிலுக்குள்ள போனாப் பிறகு பிறந்ததென்டா அது எங்கட பகுதி இல்லையே. எந்த இடத்தில பிறந்தது என்டு சரியாச் சொல்லு."

எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? தயிர்க்காரர் நடுக்குடா என்றார். இன்னொருவர் துறைமுக வாயிலில் இருக்கும் வட்டத்தீவுக்கு அந்தப் பக்கம் என்றார். இன்னொருவர் இந்தப் பக்கம் என்றார். லாஞ்சோட்டி, "நான் முன்னுக்குப் பாத்து ஓட்டுறனான், பின்னுக்கு நடந்தது எனக்கென்ன தெரியும்" என்றார். உன் அப்பா கிழமைக்கு இரண்டு தரம் வேலையை விட்டுவிட்டு இரண்டு கரைக்கும் அலைந்தார். நாற்பத்திரண்டு நாளுக்குள் பதிய வேண்டும். அது தாண்டினால் சத்தியக் கடதாசி, விசாரணை என்று போகும். தன்னிடமே ஒரு கடதாசியும் இல்லாத மனிதர் எந்த விசாரணையில் போய் நிற்பார்? "எந்த ஊர்னாலும் சரி புள்ள," என்றார் ஒருநாள், உன் காலைப் பிடித்துக்கொண்டு. "இவனுக்கு ஒரு ஊர் வேணும். என்னை மாதிரி இவன் ஆயிரப்படாது."

மகனே, எனக்கு அந்த இடம் தெரியும். முதல் நாளில் இருந்தே தெரியும்.

வாடைக் காலத்தில் குடாவுக்குள் ஐயா இடம் பிடிப்பது கரையைப் பார்த்துத்தான். கிட்டத்தில் ஒரு அடையாளம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு அடையாளம். இரண்டும் ஒரே நேரில் வந்தால் அது இன்ன இடம். வட்டத்தீவின் வெளிச்சவீடு, மூதூர்க் கரையில் தனியாய் நிற்கும் குன்றின் உச்சியில் ஏறி நிற்பதுபோல் தெரிந்தால் வள்ளம் துறைமுக வாயிலுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அன்று பின்வாசலால் பார்த்துக்கொண்டு கிடந்தது அந்த வெளிச்சவீட்டைத்தான். அது கரையோரமாய் மெல்ல மெல்ல நகர்ந்து, குன்றின் அடியைத் தொட்டு, உச்சியில் ஏறி நேராய் நின்றபோது நீ பிறந்தாய்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் நாள் உன் அப்பா, லாஞ்சில் வந்த ஆட்களையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அவர்களுக்கு முன்னால் என்னைக் கேட்டார். பிள்ளை பெற்ற நேரத்தைப் பற்றி அத்தனை ஆம்பிளைக்கு முன்னால் எப்படிக் கதைப்பது? தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டேன். ஒருமுறை தெரியாது என்றதைப் பிறகு தெரியும் என்று சொல்ல இன்னும் வெட்கம். படிக்காதவளின் சொல்லை யார் எடுக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே ஒரு சாட்டும் வைத்திருந்தேன். கண்ணாடி வெடித்த நாளில் வைத்த அதே சாட்டு. நாள் ஒவ்வொன்றாய்ப் போனது. உன் அப்பாவின் செருப்பு தேய்ந்தது. நான் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நேற்று, நாற்பதாம் நாள், உன் அப்பா ஒரு முடிவோடு கதீஜா ராத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை கிளிவெட்டி வீட்டில் பிறந்தது, பெறுவித்தது நான்தான் என்று மூதூர்ப் பதிவாளரிடம் ராத்தா சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை.

ராத்தா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் விரல்களை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தா. பிறகு சொன்னா: "தம்பி, உங்களுக்காக நான் வேற என்னவும் செய்வன். பொய் மட்டும் என்னால ஏலா. செய்யாத ஒன்டுக்கு ஒருக்காப் பேர் வாங்கி, அந்தப் பேரோட ஊருக்குப் போனவள் நான். ரெண்டு வருசம் ஒருத்தரும் என்னைக் குசினிக்குள்ள விடல்ல. ஊர் வீடுகளில அரிசி இடிச்சுத் திண்டன். ஒரு பொய் இன்னொருத்தன்ட தலையில எங்க போய் விழும் என்டு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் என் நாக்கு மேலண்ணத்தை விட்டது. "ராத்தா, கண்ணாடியை உடைச்சது நான்" என்றேன்.

உன் அப்பா விளங்காமல் பார்த்தார். ராத்தாவுக்கு விளங்கியது. முகம் சிவந்தது. "நீயா? நீ அங்கதானே நின்டாய். கோப்பையைப் பிடிச்சிட்டு அங்கதானே நின்டாய்!"

"ஓம் ராத்தா."

"உன்ட தலையைத் தடவிட்டுப் போனனே!"

"ஓம் ராத்தா."

உன்னை என் மடியில் தந்துவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டா. போய்விடுவா என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றா. "ரெண்டு வருசம் அரிசி இடிச்ச கை இது. இந்தக் கையாலதான் உன்ட புள்ளையை எடுத்தன். இனி என்ன செய்ய?" என்றா. பிறகு, "வேற என்னத்தை வாய்க்குள்ள வைச்சிருக்கிறாய்? இருந்தா அதையும் இப்பவே துப்பு" என்றா.

அதையும் சொன்னேன். வெளிச்சவீட்டையும் குன்றையும் சொன்னேன். உன் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். கோபிப்பார் என்று பார்த்தேன். "நாப்பது நாள் புள்ள... நாப்பது நாள் இதை வைச்சுக்கிட்டு இருந்தியா?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவருக்குக் கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் கண்ணில் தண்ணீர்தான் முதலில் வரும்; எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

இன்றைக்குக் காலையில் நாங்கள் மூன்று பேரும், உன்னோடு நாலு பேர், அதே லாஞ்சில் திருகோணமலைக்குப் போனோம். பதிவாளர் மேசையில் பழைய படிவக் கட்டு. நாட்டின் ஆங்கிலப் பெயரை மாற்றிய பிறகும் புதுப் படிவம் வரவில்லையாம்; சிலோன் என்று இருந்ததை ஒவ்வொன்றாய் வெட்டிக்கொண்டிருந்தார். தமிழில் மட்டும் இலங்கை, இலங்கையாகவே இருந்தது. உன் அப்பாவைக் கண்டதும், "திரும்பவும் நீயோ?" என்றார்.

"நான் சொல்லுறன் ஐயா" என்றேன். என் குரலைக் கேட்டு நானே பயந்தேன். உன்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெளிச்சவீடு, குன்று, வாயில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன கதை பிள்ளை இது? பெத்துக்கொண்டிருக்கிற நேரத்திலையோ வெளிச்சவீடு பாத்தனீர்?"

"வேறை எங்கை ஐயா பாக்கிறது? லாஞ்சு முழுக்க ஆம்பிளையள். வெட்கத்திலை வெளியிலை பாத்தனான்."

பதிவாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆள் அனுப்பி லாஞ்சோட்டியைக் கூப்பிட்டார். "வெளிச்சவீடு குன்றுக்கு நேரை வாற இடத்திலை நீர் என்ன செய்வீர்?"

"வாயில் எல்லோ ஐயா. எஞ்சினைக் குறைப்பன்."

"அண்டைக்கும் குறைச்சனீரோ?"

"குறைச்சனான். குறைச்ச கையோடை பின்னுக்குக் குழந்தை கத்தினது கேட்டது..." லாஞ்சோட்டி தான் சொன்னதைத் தானே கேட்டு வாயைப் பிளந்தார். "ஓம் ஐயா! எஞ்சின் முழுச் சத்தத்திலை ஓடினால் எனக்கு என்ர குரலே கேளாது. குறைச்சபடியாத்தான் பெடியன்ர சத்தம் கேட்டது. இதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே!"

பதிவாளர் எழுதத் தொடங்கினார். திருகோணமலைத் துறைமுக வாயிலினுள், தப்ரபேன் என்னும் லாஞ்சில். எழுதிவிட்டு நிமிர்ந்து, "லாஞ்சின்ர பேரையும் போட்டிட்டன். இது என்ன பேர் எண்டு மேலிடத்திலை கேட்டால் நான் என்ன சொல்ல?" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். ராத்தா என்னை முழங்கையால் இடித்தா. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அத்தனையையும், ஆறிப்போன தேத்தண்ணீரோடு சேர்த்து, அங்கே நின்று சொன்னேன். செம்பு மண், ஆறு, கிரேக்கர், சுமத்திரா எல்லாம். வரிசையில் நின்ற ஆட்களும் கேட்டார்கள். பதிவாளர் கடைசியில், "எங்கை பிள்ளை படிச்சனீர்?" என்று கேட்டார். "படம் துடைச்சனான் ஐயா" என்றேன்.

மகனே, புத்திமதி சொல்ல எனக்கு வயது காணாது. ஆனாலும் தாய் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். தூரத்தில் இருந்தவர்கள் கேள்விப்பட்டதை வைத்து இந்தத் தீவுக்குப் பெயர் வைத்தார்கள், அளவு சொன்னார்கள், இடமும் மாற்றினார்கள். இங்கே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நீ இருக்கும் இடத்தை உனக்காக இன்னொருவர் சொல்ல விடாதே. வெட்கமாய் இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லு; அது ஒன்றும் குறைவில்லை. உன் அம்மாவின் வெட்கம்தான் உனக்கு ஊர் தந்தது. வெட்கத்தில் வெளியே பார்த்தது நல்லதாய்ப் போனது; வாயை மூடியிருந்ததுதான் பிழை. இரண்டும் ஒன்றில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கண்ணாடியும், ராத்தாவின் இரண்டு வருசமும் செலவாகின. உனக்கு அவ்வளவு வேண்டாம்.

கதீஜா ராத்தா என்னை முழுக்க மன்னித்துவிட்டா என்று எழுத மாட்டேன். திரும்பி வரும்போது லாஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, எதிரே இருந்தா. ஆனால் உன்னை மூதூர் வரைக்கும் தன் மடியில்தான் வைத்திருந்தா. இறங்கும்போது, "பெருநாளைக்கு வருவன், வட்டிலப்பம் கொண்டு வருவன். உனக்கில்ல, இவனுக்கு" என்றா. அவ உயிரோடு இருக்கும்வரை பெருநாளைக்கு நீ அவவின் வீட்டுக்குப் போக வேண்டும். இது நான் கேட்கிற ஒரே காரியம்.

என்றாவது உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தக் குடாவைக் கடந்தால், முன்னுக்கு இருக்காதே. பின்னுக்குப் போய் இரு. வெளிச்சவீடு குன்றில் ஏறும். எஞ்சின் சத்தம் குறையும். அதுதான் உன் ஊர் என்று அவனுக்குக் காட்டு.

இதோ, நீ எழும்பிவிட்டாய். கால் உள்ளே போய்க் கை வெளியே வந்திருக்கிறது. கத்துகிறாய். இன்னும் ஒரு வரி எழுதவும் விடமாட்டாய். பரவாயில்லை, கத்து ராசா. எல்லோரும் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்த லாஞ்சில், நீ எங்கே இருக்கிறாய் என்று முதலில் சொன்னது நீதான்.

வந்துவிட்டேன்.

உன் அம்மா